நிறுத்தி வைத்த பழைய பைக்கில் கார்புரேட்டர் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு மாதமோ ஆறு வருடமோ மூலையில் நின்ற பைக்கை மறுபடி ஓட்டலாம் என்று புது பெட்ரோல் ஊற்றி டேப்பைத் திறந்தால், வண்டி கிளம்புவதற்கு முன்பே தரை நனைந்துவிடுகிறது. பெரும்பாலும் இது அரை நாள் வேலைதான். எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்காமல் உதிரிபாகம் வாங்க ஓடுவதால்தான் வாரக்கணக்கில் இழுக்கிறது. கீழே உள்ள பதில்கள் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்குப் பொதுவானவை. அளவுகளுக்கு மட்டும் உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தையே நம்புங்கள்.

டேப்பைத் திறந்ததும் பெட்ரோல் கொட்டுகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

டேப்பை மூடுங்கள். சாவியைப் போடாதீர்கள், ஸ்டார்ட்டர் பட்டனையும் கிக்கரையும் தொடாதீர்கள். வண்டியைத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, மூடிய அறையின் மறு மூலையில் எரியும் சிறு சுடர் வரை போய்ச் சேரும். பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிற பொருள் அது. விளக்கின் சுவிட்சைத் தட்டும்போது எழும் பொறியே அதற்குப் போதும்.

டேப்பை மூடியும் ஒழுகல் நிற்கவில்லையா? குழாயை மடக்கிப் பிடித்துக் கிளிப் போடுங்கள். டாங்கில் உள்ளதைத் தகர டப்பாவில் வடித்துவிடுங்கள். டேப்பும் பழுது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகப் பேச வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. சும்மா நின்றதற்கு ஏன் ஒழுக வேண்டும்?

சும்மா நின்றதுதான் காரணம். கார்புரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மெக்கானிக்குகள் ஃப்ளோட் என்று சொல்லும் மிதவை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே வந்ததும் குழாய் மூடிக்கொள்வதைப் போல, மிதவை உயர்ந்து ஒரு சிறிய ஊசியை மேலே தள்ளும். ஊசி தன் பித்தளை இருக்கையில் அழுந்தி வரத்தை அடைக்கும். அந்த இருக்கையை எல்லோரும் சீட் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

வண்டி நிற்கும்போது கிண்ணத்துப் பெட்ரோலில் இருந்து இலேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது பழுப்பு நிறப் பிசின். அது ஊசியின் நுனியில் படிகிறது, மிதவையின் கீல் முள்ளில் ஒட்டுகிறது. மிதவை கீழே தொங்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டால், எவ்வளவு பெட்ரோல் வந்தாலும் ஊசி மூடாது. இன்னொரு பக்கம், ஈரத்திலேயே வாழ்ந்த ரப்பர் வளையங்களும் (ஓ-ரிங்), இரண்டு பாகங்களுக்கு நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டும் காய்ந்து சுருங்குகின்றன. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கி அலுமினியத்தை அரிக்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி கண்டால் அது இதன் வேலை. டாங்கின் துரு வேறு, புதுப் பெட்ரோலோடு சேர்ந்து இறங்கி ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கார்புரேட்டரின் வெளிப்புறத்தைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரியுங்கள். டேப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் ஈரமாகும் இடம்தான் முக்கியம். சொட்டு விழும் இடம் அல்ல. பெட்ரோல் உடலை ஒட்டியே வழிந்து மிகத் தாழ்ந்த முனைக்குப் போய்த்தான் சொட்டும்.

கிண்ணத்தின் அடியில் இருந்து இறங்கும் ரப்பர் குழாயின் நுனியில் சொட்டினால் அது ஓவர்ஃப்ளோ. அதாவது ஊசி அடைக்கவில்லை. மட்டம் ஏறி, உபரி தனக்குரிய வழியில் வெளியேறுகிறது. கிண்ணம் மேல் உடலோடு சேரும் கோட்டில் ஈரம் கசிந்தால் கேஸ்கெட். ஆனால் அங்கேயும் அவசரப்படாதீர்கள்: சில கார்புரேட்டர்களில் ஓவர்ஃப்ளோ குழாயே கிடையாது, அல்லது அது அடைத்திருக்கும். அப்போது ஏறிய மட்டம் கேஸ்கெட் வழியாகவே வெளியே வரும். கேஸ்கெட்டை மாற்றினாலும் ஊசி மூடாதவரை பயனில்லை.

வடிகால் திருகில் சொட்டினால் அதன் நுனியையும் ஓ-ரிங்கையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் இருந்து பெட்ரோல் வழிந்தால் மட்டம் மிக மோசமாக ஏறியிருக்கிறது. எஞ்சின் பக்கமும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, நான்கு கார்புரேட்டர்கள் வரிசையாக உள்ள வண்டிகளில் அவற்றை இணைக்கும் டி வடிவக் குழாய்களின் ஓ-ரிங்குகள் காய்ந்து, இரண்டு கார்புரேட்டர்களுக்கு நடுவில் இருந்து சொட்டும். அதைச் சரிசெய்ய வரிசையையே பிரிக்க வேண்டும்.

கிண்ணத்தைத் தட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சில நேரம் உண்மையிலேயே சரியாகும். டேப்பைத் திறந்துவிட்டு, திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். ஒட்டிக்கொண்ட மிதவை விடுபட்டால் ஒழுகல் அப்படியே நிற்கும். இன்னொன்றையும் செய்யலாம்: வடிகால் திருகைத் திறந்து, டேப்பையும் சில நொடிகள் திறந்து, பெட்ரோல் வேகமாக ஓடி ஊசியின் மேல் இருக்கும் தூசியை அடித்துக்கொண்டு போக விடுங்கள். வடியும் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்தால் துருவும் தண்ணீரும் அடியில் தெரியும்.

தட்டி நின்ற ஒழுகலை நான் குணமான ஒழுகலாகக் கணக்கில் வைப்பதில்லை. மாட்டிக்கொள்ளச் செய்த பிசின் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் போயிருக்குமா?

தரையில் சிந்தியதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினை நோக்கிச் சரிந்திருக்கும் வண்டிகளில் ஏறிய மட்டம் உறிஞ்சு குழாய் வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். அங்கிருந்து பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலோடு கலந்துவிடும். இரவு முழுவதும் டேப் திறந்திருந்தால் ஒரு சொட்டுகூட வெளியில் தெரியாமல் இது நடக்கலாம்.

ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறியைத் தாண்டி ஏறியிருந்தாலோ, ஆயில் தண்ணீர் போலக் கம்பியில் நிற்காமல் ஓடினாலோ, மோந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருந்தால் ஆபத்து வேறு வகை. திரவம் அமுங்காது. ஸ்டார்ட்டர் பிஸ்டனை மேலே தள்ளும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அதனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஓட்டையின் மேல் துணியைப் போட்டு, கையால் அல்லது கிக்கரால் மெதுவாக எஞ்சினைச் சுற்றுங்கள். பிளக் ஓட்டைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். உள்ளே பெட்ரோல் இருந்தால் பீய்ச்சி அடிக்கும். பிறகு ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆனால் இதெல்லாம் ஒழுகலை நிறுத்திய பின்புதான். இல்லாவிட்டால் புது ஆயிலும் அதே கதிதான்.

கிண்ணத்தைத் திறக்க கார்புரேட்டரையே கழற்ற வேண்டுமா?

சில ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் கிளாம்பைத் தளர்த்திக் கார்புரேட்டரைத் திருப்பினாலே கிண்ணத்தை எடுத்துவிடலாம். இருந்தாலும் கழற்றி மேசைக்குக் கொண்டுவருவதையே நான் சொல்வேன். கீல் முள் கைதவறி விழுந்தால் வண்டிக்கு அடியில் தேடுவது பெரும்பாடு.

ஜப்பானியக் கார்புரேட்டர்களில், அதாவது மிகுனி, கெய்ஹின் போன்றவற்றில், கிண்ணத்தின் திருகுகள் பார்வைக்குச் சாதாரண நட்சத்திரத் திருகுகள், உண்மையில் ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தர அளவு வகை. தலையில் சிறு புள்ளி இருந்தால் நிச்சயமாக அதுதான். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுவதும் உட்காராது. நழுவித் தலையை மழுக்கிவிடும். ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்று வாங்கிவிடுங்கள். இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு, திருப்புளியை நேராக வைத்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்புங்கள்.

திறந்துவிட்டேன். எதைப் பார்க்க வேண்டும்?

கீல் முள்ளை மெல்லத் தள்ளி எடுங்கள். அதைத் தாங்கும் இரண்டு தூண்களும் வார்ப்பு உலோகம். சுத்தியால் அடித்தால் தூண் உடையும், கார்புரேட்டரே போய்விடும். முள் ஒரு பக்கமாக மட்டுமே வெளிவரும் மாடல்களும் உண்டு. வராவிட்டால் கிளீனர் விட்டு ஊற வைத்து மறுபக்கத்தில் இருந்து முயலுங்கள்.

மிதவையோடு ஊசியும் வந்துவிடும். அதன் கூம்பு நுனியை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நல்ல ஊசியில் நுனி வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். தேய்ந்ததில் கூம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ள வளையம் தெரியும். விரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் நகம் அதில் ஒரு கணம் தடுக்கும். அப்படித் தடுத்தால் மறுபேச்சில்லை, மாற்ற வேண்டியதுதான். ஊசியின் பின்புறத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு முள் இருந்தால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும்.

அடுத்தது சீட். பலர் ஊசியை மாற்றிவிட்டு சீட்டை மறந்துவிடுகிறார்கள். அதில் படிந்த பிசினைக் கார்புரேட்டர் கிளீனரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் சுற்றித் துடைத்து எடுங்கள். இன்னும் மங்கலாக இருந்தால் வேறொரு பஞ்சுக் குச்சியில் பித்தளைப் பாலிஷ் தொட்டு, விரல்களுக்கு நடுவில் உருட்டி மெருகேற்றுங்கள். பிறகு நன்றாகக் கழுவி விடுங்கள். உப்புத்தாள், கம்பி எதுவும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கிளீனரை அடிக்கும் முன் ரப்பர் பாகங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். எஞ்சினின் உறிஞ்சு விசையில் வேலை செய்யும் சி.வி. வகைக் கார்புரேட்டரில் மேலே உள்ள ரப்பர் டயாபிராம், அதாவது மெல்லிய சவ்வு, அந்தத் திரவம் பட்டால் ஊதிப் போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக முகத்துக்கு வரும்.

மிதவையே பழுதாகியிருக்குமா?

இருக்கலாம். காதருகே வைத்துக் குலுக்குங்கள்; உள்ளே திரவம் சலசலத்தால் ஓட்டை. பித்தளை மிதவையாக இருந்தால் வெந்நீரில் அமிழ்த்துங்கள், குமிழி வரும் இடம் ஓட்டை. உள்ளிருக்கும் பெட்ரோல் முழுவதையும் வெளியேற்றிய பிறகுதான் ஈயப் பற்று வைக்க வேண்டும். ஆவி மிச்சமிருக்கையில் சூடு காட்டினால் வெடிக்கும். கூடுதல் ஈயம் எடையைக் கூட்டும், எடை கூடினால் மட்டமும் ஏறும். பிளாஸ்டிக் மிதவை ஓட்டையானால் மாற்றுவதே மேல்.

மிதவையின் உயரத்தை எப்படி அளப்பது?

கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, கார்புரேட்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மிதவையின் நாக்கு, அதாவது ஊசியைத் தள்ளும் சிறு தகடு, ஊசியின் ஸ்பிரிங் முள்ளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலைதான் சரியான நிலை. முழுவதும் தலைகீழாகக் கவிழ்த்தால் மிதவையின் எடையே ஸ்பிரிங்கை அமுக்கி அளவைப் பொய்யாக்கிவிடும். அந்த நிலையில் கேஸ்கெட் உட்காரும் முகத்தில் இருந்து மிதவையின் உச்சி வரை அளக்க வேண்டும். சில மாடல்களுக்கு இது 15 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், சிலவற்றுக்கு 26 வரை போகும். அடுத்தவர் வண்டியின் எண் உங்களுக்கு உதவாது.

பித்தளை நாக்கு இருந்தால் அதை மயிரிழை அளவு வளைத்துச் சரிசெய்யலாம். வளைக்கும்போது நாக்கை ஊசியின் மேல் அழுத்தாதீர்கள். ஊசி நுனி நசுங்கும். நாக்கும் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தால் அந்த உயரத்தை மாற்ற முடியாது. அளவு தவறினால் ஊசியோ மிதவையோதான் காரணம்.

இதைவிட நான் நம்பும் சோதனை, ஒளி புகும் குழாய் வைத்துப் பார்ப்பது. வடிகால் முனையில் அந்தக் குழாயை மாட்டி, கிண்ணத்தின் பக்கத்தில் மேலே தூக்கிப் பிடித்து, வடிகால் திருகைத் தளர்த்துங்கள். குழாயில் தெரியும் மட்டம்தான் கிண்ணத்துக்குள் உள்ள மட்டம். அது கேஸ்கெட் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து அசையாமல் நின்றால் ஊசி வேலை செய்கிறது. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால் ஊசி கசிகிறது.

புது ஊசி போட்டும் ஒழுகுகிறது. இனி என்ன?

இங்கேதான் பலர் கார்புரேட்டரையே தூக்கிப் போடுகிறார்கள். பொறுங்கள். முதல் சந்தேகம் சீட்டின் வெளிப்புறம். பல மாடல்களில் சீட் தனியாக அழுத்திச் செருகப்பட்டு, ஒரு சிறு தகடும் திருகும் அதைப் பிடித்திருக்கும். சுற்றி ஓர் ஓ-ரிங் இருக்கும். ஊசி கச்சிதமாக மூடியிருந்தாலும் காய்ந்த ஓ-ரிங்கின் ஓரமாகப் பெட்ரோல் நழுவிப் போகும். மேலிருந்து பார்த்தால் இது தெரியாது.

இரண்டாவது, கிண்ணத்துக்குள் நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ குழல். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் குளிரில் உறைந்தாலோ, பித்தளை களைத்துப்போனாலோ அதில் நெடுக்காக ஒரு கீறல் விழும். மட்டம் சரியாக இருந்தாலும் அந்தக் கீறல் வழியே வடிந்துகொண்டே இருக்கும். எத்தனை ஊசி மாற்றினாலும் நிற்காது. கிண்ணத்தைத் தனியே எடுத்து, குழலின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றிக் காகிதத்தின் மேல் வையுங்கள். அடியில் ஈரமானால் கண்டுபிடித்துவிட்டீர்கள். சுத்தம் செய்து ஈயப் பற்று வைத்தால் போதும்.

மூன்றாவது, புது கேஸ்கெட் உள்பக்கம் துருத்திக்கொண்டு மிதவையைத் தடுக்கலாம். நான்காவது, டாங்கில் இருந்து துரு மீண்டும் வந்திருக்கலாம். அப்படியானால் டாங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரைத் திறந்து திறந்து மூடுவது வீண்.

மொத்தமாக ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டுவிடலாமா?

கேஸ்கெட்டுக்கும் ஓ-ரிங்குக்கும் வாங்குங்கள். மலிவு கிட்டில் வரும் ஜெட்டுகளையும் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டுகள்) ஊசிகளையும் நான் அப்படியே நம்புவதில்லை. ஊசியின் நீளம் இலேசாக மாறினாலே மிதவை மட்டம் மாறும், ஜெட்டின் துளை அளவும் மேலே பொறித்த எண்ணோடு ஒத்துப்போகாமல் இருக்கும். பழைய அசல் பித்தளை ஜெட் சுத்தம் செய்தால் போதும். அது தேய்வது மிக அரிது. ஊசியை மட்டும் கார்புரேட்டர் தயாரித்த நிறுவனத்தின் பாகமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊசியைச் சரிசெய்தால் போதாதா? டேப்பை ஏன் பார்க்க வேண்டும்?

பெட்ரோலுக்கு இரண்டு கதவுகள் உண்டு: டேப் ஒன்று, ஊசி ஒன்று. டேப் சரியாக மூடியிருந்தால், ஊசி கெட்டுப்போனாலும் இரவில் ஒன்றும் நடந்திருக்காது. எஞ்சினுக்குள் பெட்ரோல் போன வண்டிகளில் இரண்டு கதவும் பழுது, அல்லது டேப்பை யாரோ திறந்தே வைத்திருந்தார்கள்.

டேப்பை மூடி, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விடுங்கள். அரை மணி நேரத்தில் ஒரு சொட்டும் வரக் கூடாது. வெற்றிட வகை டேப்பில் மூடும் நிலையே இருக்காது. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் உறிஞ்சு விசையில்தான் திறக்கும். அதன் மெல்லிய வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதற்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாபிராம் கிழிந்துவிட்டது. அந்தக் குழாய் வழியாகவே எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்தாலும் இது தீராது. பி.ஆர்.ஐ. என்று குறித்த நிலை வெற்றிடம் இல்லாமலே பெட்ரோலை விடும். அதில் வைத்துவிட்டு மறந்துபோவதும் வழக்கமான காரணம்.

சைடு ஸ்டாண்டில் மட்டும்தான் ஒழுகுகிறது.

மட்டம் விளிம்பில் நிற்கிறது, சாய்த்ததும் தாண்டிவிடுகிறது. மிதவை உயரத்தைச் சரிபாருங்கள். மிதவை ஒரு பக்கச் சுவரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

அமல் நிறுவனத்தின் பழைய கார்புரேட்டரில் குமிழை அழுத்தினால் பெட்ரோல் வழிகிறது. பழுதா?

இல்லை. குளிர்ந்த எஞ்சினை எழுப்ப மிதவையை வேண்டுமென்றே அமுக்கி மட்டத்தை ஏற்றும் ஏற்பாடு அது. கையை எடுத்த பிறகும் வழிந்தால்தான் பழுது.

கேஸ்கெட்டுக்குச் சிலிக்கான் சீலண்ட் பூசலாமா?

வேண்டாம். பெட்ரோல் பட்டு ஊதி, துணுக்குகளாக உரிந்து, நேராக ஜெட்டுக்குள் போகும். கேஸ்கெட் உட்காரும் முகங்களைச் சுத்தமாக்கி, புது கேஸ்கெட் போட்டு, திருகுகளைக் குறுக்குமறுக்காக அளவோடு இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் கிண்ணத்தின் விளிம்பு வளைந்து அதுவே நிரந்தர ஒழுகலாகிவிடும்.

அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது?

டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுவது நல்லது, ஆனால் போதாது. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும், பிசினாவது அதுதான். வடிகால் திருகைத் திறந்து அதையும் வெளியேற்றுங்கள். இரும்பு டாங்கை முழுவதும் நிரப்பி வைத்தால் துரு பிடிக்க இடம் குறையும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவம் சேர்ப்பதானால் புதுப் பெட்ரோலிலேயே சேர்த்துச் சில நிமிடம் ஓட்டுங்கள். கெட்டுப்போன பெட்ரோலை அது மீட்காது.

ஒழுகல் நின்றுவிட்டது. ஆனால் சோக்கை எடுத்ததும் எஞ்சின் அணைகிறது.

அதே பிசின், ஐடிலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டையும் அடைத்திருக்கிறது. மெயின் ஜெட்டைவிட அதன் துளை மிகச் சிறியது. முதலில் அடைவது அதுதான். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி ஒன்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனரில் ஊற வைத்து அழுத்தக் காற்றால் ஊதுங்கள். ஐடில் கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகையும் எடுத்து அதன் வழியையும் கழுவ வேண்டும். ஆனால் கழற்றும் முன், உள்ளே முட்டும்வரை மென்மையாகத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே எண்ணிக்கையில் வைத்தால் எஞ்சின் ஐடிலில் நிற்கும்.